மேலே மழையா

ஆகஸ்ட் 9, செவ்வாய்

வெயில். மேகம் என்று பேருக்குக்கூட இல்லை. எட்டு மணிக்கு வரவேண்டிய தண்ணீர் வண்டி பத்துக்கு வந்தது. எனக்குக் கிடைத்தது ஒன்றரைக் குடம். அந்த அரைக் குடமும் பக்கத்து வீட்டு முனியம்மாக்காவின் முழங்கை பட்டுக் கொட்டியது. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. "பூமாதேவி குடிச்சுக்கினா, இன்னா இப்போ?" என்றாள்.

துரை பங்களாவில் தையல். திரைச்சீலை ஆறு, தலையணை உறை நான்கு. வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது, ஆண்டர்சன்பேட்டை போனால் வாங்க வேண்டும்.

தங்கச் சுரங்கத்துக் கேப்டன் துரையின் மனைவி பெயர் மெர்சேதெஸ். எங்கள் கூலிக்காரர் லைன் வீடுகளில் எல்லோருக்கும் மெர்சியம்மா, இந்த நோட்டில் மெ.அ. சீமையில் பிறந்தவர் இல்லை. மெக்சிகோ என்ற தேசத்தில், ஒரு வெள்ளிச் சுரங்கத்து மலையில் பிறந்தவர். துரை அங்கே வேலையாக இருந்தபோது கட்டிக்கொண்டாராம். தையல் முடிந்ததும் நான் அவருக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும், அவர் எனக்கு அவருடைய ஸ்பானிஷ் சொல்லித்தருவார். நடுவில் இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். எனக்கு எதற்கம்மா இந்தப் பாஷை என்று கேட்டேன். எனக்குப் பேச ஆள் வேண்டாமா என்றார். 

இன்றைய பாடம் மழை. வெளியே மண் வெடித்துக் கிடக்கிறது, உள்ளே இரண்டு பெண்கள் மழையைப் பற்றிப் பாடம்.

யுவேவே: பெய்கிறது.
யொவியோ: பெய்தது.
யொவெரா: பெய்யும்.
யொவெரியா: இதற்கு மெ.அ. வெகுநேரம் தேடினார். ஏதாவது ஒன்று நடந்தால் பெய்யும். அது நடக்கவில்லை, அதனால் பெய்யவில்லை. ஆனால் மழைக்குப் பெய்ய மனசு இருக்கிறது.

மனசு இருக்கிற மழை. வீடு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, வியாழன்

வெயில். கண் எரிச்சல்.

மெ.அ. வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார், யொவெரியா வருமாறு நான்கு வாக்கியம். எழுதிக் கொண்டுபோனது:

1. நான் துணி காயப்போட்டால் மழை பெய்யும்.
2. சர்ச் ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கினால் மழை பெய்யும்.
3. முனியம்மாக்கா ஒரு நாள் வாயை மூடினால் மழை பெய்யும்.
4. என் வீட்டுக்காரர் சுரங்கத்தை விட்டு மேலே வந்துவிட்டால், மழை பெய்யட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதல் மூன்றுக்கும் சிரித்தார். நான்காவதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

சொல்லவேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தின் கீழ் லெவலில், கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. போன வருஷம் ஐப்பசி அடைமழையில் மேலே இருந்த பழைய குழி ஒன்று நிரம்பி, சுவரை உடைத்துக்கொண்டு தண்ணீர் அவர்கள் லெவலில் இறங்கியது. ஒரு ஷிப்டு முழுக்க ஏணியைக் கட்டிப் பிடித்துத் தொங்கினார். கூட்டாளி பொன்னன் தொங்கினான், பிறகு தொங்கவில்லை. அன்று முதல் வானம் கறுத்தால் நான் ஷிப்டு விடும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஊரெல்லாம் மழை மழை என்று வானத்தைப் பார்க்கிறது. நான் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று பார்க்கிறேன். தண்ணீர் வண்டி வரிசையில் நின்றுகொண்டே அப்படி நினைக்கிறேன். என்னைப்போல் ஒரு துரோகி உண்டா.

 மணி நான்கு ஆனதும் மெ.அ. வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் ஊரில் மழைக்காலத்தில் நான்கு மணி என்றால் மழை. வீட்டில் யாராவது காபிக் கிண்ணத்தை எடுத்தால் கூரையில் சத்தம் கேட்குமாம். ஒன்பது வருஷமாகத் தினமும் நான்கு மணிக்கு ஜன்னலோரம். நானும் உட்கார்ந்தேன். மில்லில் குவார்ட்ஸ் கல் இடிக்கிற சத்தம் ஓயாமல். கண்ணை மூடினால் எங்கோ தூரத்தில் பெருமழை. நான் அதிலேயே கொஞ்ச நேரம் நனைந்தேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கோயிலில் மழைக்காக விசேஷ ஜெபம். ஐயர் அழுதே விட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை, முந்தானையால் மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவள் நான் உருகுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மத்தியானம் கொள்ளுத் துவையல், களி. என் வீட்டுக்காரர் இரண்டு உருண்டை கூடச் சாப்பிட்டார். நல்ல வேளையில் கேட்கலாம் என்று கேட்டேன். மேலே தச்சுக் கொட்டகையில் இடம் இருக்கிறதென்று கேப்டன் துரையே சொன்னாராம். ஏன் போகக்கூடாது?

"போயி? கதவுக்கு இழைப்புளி போட்டுக்கினு கெடக்கணுமா?"

"உயிரோட கெடப்பீங்க."

"இன்னா எஸ்தரு நீ. மரம் ஒடையறதுக்கு முன்னாடி முனகும். அது எனக்குக் காதுல உழும், என் ஆளுங்களுக்கு உழாது. நான் மேல வந்துட்டா அந்தப் பதினோரு பேருக்கு யாரு கேப்பா?"

 அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் எனக்குக் கோபம்.

சாயங்காலம் தூங்கி எழுந்தவர் பாயில் இருந்தபடியே, "மேல மழயா?" என்றார். அது கீழே உள்ளவர்கள் வழக்கம். புது ஷிப்டு ஆட்கள் இறங்கி வந்தால் கும்பிடு இல்லை, நலமா இல்லை. முதல் கேள்வி, மேல மழயா. வெளிச்சமே தெரியாத இடத்தில் வேறென்ன கேட்பார்கள். அவர் வீட்டிலும் தூக்கம் கலைந்ததும் அதையே கேட்கிறார். மூங்கில் தட்டி வீட்டுக்கு ஜன்னல் கிடையாது, இருட்டு ஒன்றுதானே.

"வெயிலு," என்றேன்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

வெயில். கிணறு மூன்றில் ஒன்று சேறு.

முனியம்மாக்கா வந்தாள். வெள்ளிக்கிழமை மழைச்சோறு எடுக்கிறார்களாம். லைனில் வீட்டுக்கு வீடு உப்பில்லாச் சோறு வாங்கி, ஒன்றாய்ப் பிசைந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து தின்று, "மழ இல்லாத ஊருல எங்களுக்கு இன்னா வேல, நாங்க போறோம்" என்று அழுதுகொண்டு கிளம்பவேண்டும். ஊர் அழைத்தால் திரும்பவேண்டும். ஆற்காட்டுப் பக்கம் அவள் பிறந்த ஊரில் அப்படித்தான்.

"நீயும் வர்ற."

"நான் வேதக்காரி, அக்கா."

"உனக்கு மட்டும் தண்ணி தனியா வேற வானத்துலேர்ந்தா வருது?"

மெ.அ.விடம் சொன்னேன். அவர் ஊரிலும் அர்ச்சிஷ்டவர் சிலையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய் வெயிலில் நிறுத்துவார்களாம், சுட்டால் அவரே மழையைக் கேட்பார் என்று. எல்லா ஊரிலும் பெண்களுக்கு இதே வேலை.

ஆகஸ்ட் 19, வெள்ளி

நடந்து கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதியாகவேண்டும்.

போனேன். உப்புப் போடாமல் ஒரு கிண்ணம் சோறு வடித்து, பின்பக்கமாகக் கொடுத்துவிட்டு நின்றுவிடலாம் என்றிருந்தேன். கால் தானாக நடந்தது. முப்பது பெண்கள் இருப்போம். பேத்தமங்களா ரோட்டில், லைன் முடிகிற வேலமரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். களி, கம்பஞ்சோறு, அரிசி, யார் வீட்டதோ பழைய இட்லி, எல்லாம் ஒரே உருண்டை. உப்பில்லாமல் அவ்வளவு ருசியாக எதையும் நான் தின்றதில்லை.

பிறகு எழுந்து ஒப்பாரி. ஊரை விட்டுப் போறோம், போறோம். நடந்தோம். கொஞ்ச தூரம் போய் முனியம்மாக்கா திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தோம். இன்னும் உரக்க அழுதோம். ஒருவரும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. எங்களை அழைக்க யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. அவரவர் ஊரில் மணியக்காரர், நாட்டாண்மை என்று ஒருவர் இருப்பார், காலாகாலமாக அவர்தான் வந்து கூப்பிடுவார், அதை ஏற்பாடு செய்யவேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது. இங்கே எல்லோரும் வந்தவர்கள். இந்த ஊருக்கு யார் பெரியவர்? கேப்டன் துரையா? ஐயரா? ஆண்கள் கீழே.

அழைக்காமல் திரும்பினால் மழை வராது. திரும்பாவிட்டால் இப்படியே பேத்தமங்களாவுக்கே போய்ச் சேரவேண்டும். "நடக்கறது தவுர வழி இல்ல," என்றாள் முனியம்மாக்கா. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, எல்லோருக்கும் தொற்றி, ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தோம். கானல் ஏரிபோல மினுங்கியது. நான் சிரித்துக்கொண்டே, இப்படியே ஊர் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், நடுவில்.

ஷிப்டு விட்டு வந்த ஆண்கள், அடுப்பு எரியாத வீடுகளைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் என் வீட்டுக்காரர். தலையில் கம்பளித் தொப்பி, அதில் மெழுகுவத்தி ஒட்டிய களிமண் அப்படியே. "இன்னா கூத்து இது? வாங்க எல்லாம், வூட்டுக்கு வாங்க," என்றார்.

"மழ வரும், வாங்கன்னு சொல்லு சாமுவேலு," என்றாள் முனியம்மாக்கா.

"மழ வரும், வாங்க."

"நீ இந்த ஊரு மணியக்காரனா, சும்மா சொன்னா நம்பறதுக்கு? வாக்குக் குடு. ஏதாச்சும் ஒண்ண உடறேன்னு சொல்லு."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு காக்கைகூட இல்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி. என்னிக்கு மழ பெய்யுதோ அன்னியோட நான் கீழ எறங்கறத உட்டுடறேன். போதுமா?"

மற்ற பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள். நான் இடவில்லை. விளையாட்டாகச் சொல்லிவிட்டார். ஆனால் எல்லையில், உப்பில்லாச் சோறு தின்ற பெண்களுக்கு முன்னால் சொன்ன வாக்கு.

ஆகஸ்ட் 24, புதன்

வெயில். லேசாகக் காற்று, மேற்கே.

ஐயர் கூப்பிட்டனுப்பினார். மழைச்சோறு விஷயம் எட்டிவிட்டது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கடைசியில் தணிந்த குரலில், "எல்லை வரைக்கும் போனீங்களா? மேகம் ஏதாவது கண்ணுல பட்டதா?" என்று கேட்டார். பாவம், அவர் வீட்டுக் கிணறும் வற்றித்தான் கிடக்கிறது.

இப்போது என் நிலைமை. மழை வந்தால் வாக்குப்படி என் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். மழை வருகிற நேரத்தில் அவர் கீழே இருப்பார். அதே மழை கொண்டுவரவும் செய்யும், கொண்டுபோகவும் செய்யும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பெய்யவேண்டும் என்று ஜெபிக்கிறேன். இப்படி நாள் குறித்துக் கேட்பது பாவமோ என்னவோ.

மெ.அ.விடம் இதைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த யொவெரியாவுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறதாம். கண்ணால் பார்க்காத மழைக்கும் அதைச் சொல்லலாம். "அங்கே அப்போது மழை பெய்திருக்கும்" என்று நாம் ஊகித்துச் சொல்கிறோமே, அதற்கும். தன் தாயார் இறந்த செய்தி கடிதத்தில் மூன்று மாதம் கழித்து வந்தது, அன்றைக்கு மழை பெய்ததா என்று ஒருவரும் எழுதவில்லை, தானே அந்த வார்த்தையைப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். திரைச்சீலையில் ஒரு மடிப்புக் கோணல்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

மேகம். மேற்கே, பஞ்சு மாதிரி. பெய்யவில்லை.

வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தையை அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தேன். பூனை கத்துவதுபோல் இருக்கிறதாம். இப்போது வேண்டுமென்றே தண்ணீர்ப் பானையைப் பார்த்து "யொவெரியா, யொவெரியா" என்கிறார். அடுத்த வீட்டுச் சத்தம்: "சாமுவேலுக்கு இன்னா ஆச்சி?"

வெள்ளை நூல் மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 2, வெள்ளி

பெய்தது.

காலையில் கறுத்தது. போகாதீர்கள் என்றேன். "இன்னும் பெய்யலியே, பெஞ்சாதான வாக்கு," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். காலை ஷிப்டு.

பங்களாவில் இருந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். முதலில் மண் வாசனை, பிறகு மாமரத்து இலைகளில் சடசடவென்று. பிறகு ஒரேயடியாக. மெ.அ. வராந்தாவில் நின்று கையை நீட்டினார். நான்கு மணி ஆகவில்லை, மழை சீக்கிரம் வந்துவிட்டது என்றார், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த தமிழில், "போங்க" என்றார். ஊசி விரலில் இருந்தபடியே ஓடினேன்.

ஆட்கள் இறங்குகிற ஷாப்டுக் குழி வாயில் ஏற்கெனவே கூட்டம். முனியம்மாக்கா, மழைச்சோற்றுப் பெண்கள் எல்லோரும், தொப்பலாக நனைந்து, குலவை, சிரிப்பு. சாமுவேலுவைப் பிடிக்க வந்திருக்கிறார்கள். யாரோ தவிடு முறத்தைத் தட்டித் தாளம் போடுகிறாள். அத்தனை பேரில் பயந்தவள் நான் ஒருத்தி. குழியைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீர் வழி தேடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணியடிக்கிற ராமையாவிடம், கீழே மழை என்று சொல்லி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "ஆளு ஏத்த ஒரு மணி, நிறுத்த ஒரு மணி, ஆபத்துக்கு ஒரு மணி. மழைக்கு மணி இல்லம்மா," என்றார்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் கூண்டு மேலே வந்தது. அவர் இல்லை.

இரண்டாம் கூண்டு. முனியம்மாக்காவின் புருஷன் கோவிந்தன் இறங்கினான், இடுப்பு வரை ஈரம். "தண்ணி கசியுது. மரம் முனகுச்சின்னு மேஸ்திரி எங்கள மொதல்ல ஏத்திட்டாரு. ரெண்டு முட்டு குடுத்துட்டு வர்றேன்னாரு."

தாளம் நின்றது. முனியம்மாக்கா என் பக்கத்தில் வந்து தோளை அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடியிருந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். என் மூன்றாம் வாக்கியம். எனக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது, என்ன மனசு இது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நாழிகை இருக்கலாம். கர்த்தரே என்றேன், மாரியாத்தா என்றாள் அக்கா, நான் மாரியாத்தாவையும் கூப்பிட்டேன்.

மூன்றாம் கூண்டு. இரண்டு பேர். ஒருவர் அவர்.

கொட்டகை விளிம்பில் வந்து நின்றார். கண் கூசியது. வெளியே தண்ணீர்த் திரை, அதற்கு அப்பால் நாங்கள்.

"எப்பத்திலேர்ந்து?" என்றார்.

"பன்னெண்டு மணியிலேர்ந்து," என்றேன். 

யாரும் வாக்கை நினைவுபடுத்தவில்லை.  அவர் திரும்பி அந்தக் குழியை ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அப்புறம் மழையில் இறங்கினார்.

நான் வாய்விட்டு அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள்.

செப்டம்பர் 3, சனி

மழை. தட்டிக் கூரை நான்கு இடத்தில் ஒழுகல். பானை, சட்டி, செம்பு, சாப்பாட்டுத் தட்டு, எல்லாம் தரையில். சந்தோஷமான தொல்லை.

அவர் தச்சுக் கொட்டகைக்குப் போனார். மத்தியானம் வந்தார்.  வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி. ஷிப்டு மணி அடித்ததும் எழுந்தார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றார்.  நான் கேட்டது இதைத்தானே.

தொப்பியை ஆணியில் மாட்டினேன். களிமண்ணைச் சுரண்டவில்லை.

செப்டம்பர் 5, திங்கள்

தூறல்.

கோவிந்தனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். புது மேஸ்திரிக்குக் காது போதவில்லையாம். "நீங்க ஒரு பத்து நாளு வந்து காட்டிக் குடுத்துட்டுப் போங்க." முனியம்மாக்கா விளக்குமாற்றுடன் வந்து புருஷனை இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார்: "மழ நிக்கட்டும். பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம். கேட்கப் பயம். அந்தப் பதினோரு பேருக்கும் வீட்டில் ஒரு எஸ்தர் இருக்கிறாள், அதுவும் எனக்குத் தெரியும்.

மெ.அ. தினமும் தோட்டத்தில் நனைகிறார். தும்மல். துரைக்குக் கவலை. இன்று பாடம் வேண்டாம் என்றார், சும்மா உட்கார்ந்து கூரைச் சத்தம் கேட்போம் என்றார். கேட்டோம்.

நான் ஒரு யோசனை சொன்னேன், மெ.அ.விடம் இல்லை, வீட்டுக்காரரிடம், சாப்பிடும்போது. புது மேஸ்திரியை மேலே கொட்டகைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் மரத்தை முட்டுக்கட்டையில் வைத்து முறித்துக் காட்டுங்கள், அந்த முனகலுக்கு அவன் காது பழகட்டும். அவர் கவளத்தை நிறுத்தினார். "மேல சத்தம் வேறடி," என்றார். ஆனால் கவளம் உள்ளே போக வெகுநேரம் ஆயிற்று.

செப்டம்பர் 6, செவ்வாய்

விடியற்காலை. கதவைத் திறந்து பார்த்தேன். மேகம் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. வேலமரம் சொட்டிக்கொண்டிருக்கிறது, அது பழைய மழை. கிழக்கே வெளுப்பு, நல்ல வெயில் வரப்போகிறது. கதவைச் சாத்திவிட்டு, முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். வேட்டியை இறுக்கினார். இருட்டில் கை சுவரைத் தடவி, ஆணியில் இருந்த தொப்பி மேல் பட்டு, அங்கேயே நின்றது.

"மேல மழயா?"

அவரே இப்போது மேலேதானே இருக்கிறார். கூரை, அதற்கு மேல் வானம். அதைச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. பெய்கிறது என்றால் பொய். இல்லை என்றால் சுரங்கத்துக்குப் போய்விடுவார்.

"யொவெரியா," என்றேன்.

 இருட்டில் அவர் சிரித்தது கேட்டது, மூக்கால், மெதுவாக. கை ஆணியை விட்டு இறங்கியது. மூலையில் உளிப் பையைத் தேடி எடுத்தார். "புது மேஸ்திரிக்கு முறிச்சுக் காட்ட நாலு வேங்கக் கட்ட வேணும், தொரகிட்ட கேக்கணும்," என்றார். கதவிலிருந்து நகர்ந்து திறந்துவிட்டேன். மழையில்லாத வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது, என்னை ஒரு பார்வை பார்த்தார், போனார்.

தொப்பி ஆணியில் இருக்கிறது. வெள்ளை நூல் வாங்கவேண்டும்.